பிள்ளை நல்லா சாப்பிடுதா?

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திருங்கம்மா, பிள்ளை மேல சாரல் அடிக்குது பாருங்க. மதுரை வரைக்கும்தானே? நானும் மதுரைதான். இந்த மழையில எப்பப் போய்ச் சேருவோமோ தெரியல. பரவாயில்ல, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சுது. காலையில இருந்து வாயைத் தொறந்தாலே கேள்வி கேக்குறதுதான் வேலையா இருந்துச்சு. நானா ஒரு வார்த்தை பேசல.

பையனா? நல்லா இருக்கான். சேச்சே, அப்படிச் சொல்லக் கூடாது, வாயில வந்திருச்சு. கன்னத்துல மை வச்சிருக்கீங்கல்ல, நல்லது. வைக்கணும். பஸ்ல நாலு பேரு வருவாங்க போவாங்க, யாரு கண்ணு எப்படின்னு சொல்ல முடியாது.

என் பேரு அங்கயற்கண்ணி. காலேஜ்ல புரொபசர். மனையியல்ல சத்துணவுப் பிரிவு. அடுத்த வருஷம் ரிட்டையர்டு ஆகுறேன். நான் பிஎச்டி பண்ணினதே குழந்தைங்க எதனால ஒரு சாப்பாட்டை வேணாம்னு தள்ளுதுங்கங்கிறதுலதான். அப்ப எல்லாரும் சத்து சத்துன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. நான்தான் சொன்னேன், சத்து இருந்து என்னத்துக்கு, நாக்கு ஒத்துக்கணும்லன்னு. இன்னிக்கு வரைக்கும் எங்க போனாலும் அதைத்தான் சொல்றேன். என் ஸ்டூடண்ட்ஸ் எனக்கு வச்ச பட்டப்பேரே நாக்கு மேடம். எனக்குத் தெரியும். கோவமெல்லாம் இல்ல.

உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும்மா. நீங்க மூணாவது மனுஷி, ரெண்டு பக்கமும் தெரியாது. அதனால உள்ளதைச் சொல்லுவீங்க.

மதுரையில ஒரு அறக்கட்டளை இருக்கு. தெய்வசிகாமணின்னு ஒருத்தர்தான் செயலாளர். தங்கமான மனுஷன். இந்தக் கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடுற ஜனங்க இருக்காங்கல்ல, அவங்க பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்யணும்னு அவருக்கு ஆசை. வேலிக்கருவையை வெட்டி, அடுக்கி, மேல மண்ணைப் பூசி, உள்ள தீயைப் போட்டுக் கரி எடுக்கிறது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்னால போயிருவாங்க. மழை பிடிச்சா அந்த வேலையும் கிடையாது. பிள்ளைங்க எலும்பும் தோலுமா நிக்கும். அவரு ஒரு உருண்டை செஞ்சு குடுத்தாரு. கேப்பை, கடலை, கருப்பட்டி. நல்ல உருண்டைதான், நான் ஒண்ணும் குறை சொல்லல. சத்துக் கணக்குப் போட்டுக் குடுத்ததே நான்தான்.

போன வருஷம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு: மேடம், ஓடைக்கரைப்பட்டியில இந்த மழைக்காலம் முழுக்கக் குடுத்துப் பாக்குறோம். பிரயோஜனம் இருக்கா இல்லையான்னு நீங்க ஆராய்ஞ்சு சொல்லுங்க. இருக்குன்னா தொடர்ந்து குடுப்போம், சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கொண்டு போவோம். இல்லைன்னா நிறுத்திட்டு வேற வழி பாப்போம். உங்க வார்த்தைதான் எங்களுக்கு முடிவுன்னாரு. அப்படி ஒரு மனுஷன் நம்பி ஒப்படைக்கிறப்ப நாம எவ்வளவு பொறுப்பா இருக்கணும் சொல்லுங்க.

அப்ப என்கிட்ட நாகஜோதின்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தா. அபிராமத்துக்காரி. கல்யாணமாகி, ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்து, அதுக்கப்புறம் படிக்க வந்தவ. கெட்டிக்காரிதான். ஆனா வாய். ஆத்தாடி, அவ வாய் இருக்கே! சரி, எங்கிட்ட சேந்தவளாச்சேன்னு இவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன்.

நாலு மாசம் உருண்டை குடுத்தாச்சு, முடிவு தெரியற வரைக்கும் நிறுத்தாம குடுத்துக்கிட்டு இருந்தாங்க. நானே நேரா போயி உக்காந்தேன். மத்த புரொபசருங்க மாதிரி ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எழுதுற ஆளு நான் இல்ல. ஊரு நடுவுல ஒரு வேப்பமரம், அதுக்குக் கீழ நாற்காலி போட்டுக் குடுத்தாங்க. கடுங்காப்பி குடுத்தாங்க. தாய்மாருங்க எல்லாம் பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து சுத்தி நின்னுக்கிட்டாங்க. ஒரே சிரிப்பும் கூத்தும். நான் ஒவ்வொருத்தரா கேட்டேன், நாகஜோதி பாரத்துல கட்டம் பாத்து டிக் அடிச்சா. சின்னக் கேள்வி, படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி. பிள்ளை நல்லா சாப்பிடுதா?

என்ன சொன்னாங்கங்கிறீங்க? ஒருத்தி, எங்கேம்மா திங்கிறான், வாயில வச்சா துப்புறாங்கிறா. இன்னொருத்தி, காத்தைக் குடிச்சேதாம்மா வளருதுங்கிறா. பஞ்சவர்ணம்னு ஒருத்தி, வாயாடி, எல்லாருக்கும் முன்னால வந்து நின்னுக்கிட்டு, இவனுக்கு ஊட்டுறதுக்குள்ள எனக்கு ஏழு கழுத வயசாயிருதும்மாங்கிறா. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் பாக்குறப்பவே அவ பையன் உருண்டையைக் கையில வாங்கிக்கிட்டு ஓட்டமா ஓடுறான், இவ பின்னாடியே தொரத்துறா. எம் புள்ளை எம் புள்ளைன்னு கத்திக்கிட்டே மரத்தைச் சுத்திச் சுத்தி ஓடுறா. கண்ணால பாத்தேம்மா. யாரும் சொல்லி இல்ல.

ஒரு தாய் கூட, ஒரே ஒரு தாய் கூட, நல்லா சாப்பிடுறான்னு சொல்லல. இதுக்கு மேல என்ன வேணும்?

ஆனா பாருங்க, உருண்டை குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயும் அன்னிக்கும் பிள்ளைங்களை எடை போட்டோம், அதுல கூடியிருக்கு. கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும். கொஞ்சம்தான், ஆனா கூடியிருக்கு. தாய்மாருங்க சாப்பிடலைங்கிறாங்க, எடை மிஷின் சாப்பிட்டிருக்குங்குது. இந்த மாதிரி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டும்போதுதாம்மா ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியும். எண்ணி எழுதுறது யாரு வேணா செஞ்சிருவாங்க. அதுக்கு அர்த்தம் சொல்றதுக்குத்தான் அனுபவம் வேணும்.

நான் யோசிச்சேன். அந்த வருஷம் மழை நல்ல மழை. கண்மாய் பெருகிக் கிடந்துச்சு. கண்மாய்ல தண்ணி வந்தா மீன் வரும். கரையெல்லாம் கீரை மொளைக்கும். ஆக எடை கூடினது மீனாலயும் கீரையாலயும். உருண்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க! சரி, அப்ப வாரா வாரம் குடுத்த உருண்டை எங்க போச்சுன்னு கேப்பீங்க. அதுக்கும் நான் கண்ணால பாத்த சாட்சி வச்சிருக்கேன். ஒரு ஆட்டுக்குட்டி, கீழ விழுந்த உருண்டையை நக்கிக்கிட்டு இருந்துச்சு. நானே போட்டோ எடுத்தேன். ரிப்போர்ட்ல போட்டிருக்கேன்.

எழுதினதைப் படிச்சுட்டு நாகஜோதி என் ரூமுக்கு வந்தா. உக்காரும்மான்னேன், உக்காரல.

"மேடம், அந்த ஊர்ல மீனைப் பிடிச்சா குத்தகைக்காரன் உதைப்பான். கண்மாயை ஏலம் எடுத்திருக்கான். இவங்களுக்கு அதுல ஒரு கெளுத்தி கூடக் கிடைக்காது"ன்னா.

கீரை இருக்குல்லன்னு கேட்டேன்.

"கீரையில எடை கூடுமா மேடம்? நீங்கதானே எங்களுக்குப் பாடம் நடத்துனீங்க?"

எப்படிப் பேசுறா பாருங்க. கண்ணுல வெரல விட்டு ஆட்டுறா. நான் பொறுமையா கேட்டேன், சரிம்மா, அப்ப தாய்மாருங்க அத்தனை பேரும் சேந்து பொய் சொன்னாங்களான்னு.

"பொய் இல்ல மேடம். ஊரு நடுவுல, அத்தனை பேரு முன்னால, யாரோ ஒரு வெளியூர் அம்மா வந்து உம்பிள்ளை நல்லா சாப்பிடுதான்னு கேட்டா, ஆமா நல்லா சாப்பிடுதுன்னு எந்தத் தாய் மேடம் சொல்லுவா? கண்ணு பட்டுராதா? எம்பிள்ளையைக் கேட்டாலும் நானும் அப்படித்தான் சொல்லுவேன்."

நான் சிரிச்சுட்டேன். கண்ணேறாம், திருஷ்டியாம். இதை எந்த ஜர்னல்ல போடுறது? ஆராய்ச்சியில மூட நம்பிக்கைக்கு இடம் குடுத்தா அப்புறம் எல்லாத்துக்கும் அதையே சொல்லிருவாங்க. நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க. சொன்னதை சொன்னபடி எடுத்துக்கிறதுதான் அவங்களுக்கு நாம குடுக்கிற மரியாதை. அவ சொல்றது சரின்னா அந்தத் தாய்மாருங்களுக்கு உண்மை பேசத் தெரியாதுன்னுல்ல ஆகுது? யாரு ஏழைங்களைக் கேவலப்படுத்துறது, நானா அவளா?

அவ விடல. "மேடம், சோறு இருக்கிற வீட்டுலதான் பிள்ளை திங்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்குவாங்க. அது ஒரு பெருமை. அவங்க முதல் தடவையா அப்படிச் சொல்றாங்க. உருண்டை வந்த பிறகுதான் சொல்றாங்க. எடையைப் பாருங்க, தயவு பண்ணிப் பாருங்க"ன்னு கண்ணு கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா கண்ணீரை வச்சா முடிவு எழுத முடியும்? போயி முகத்தைக் கழுவிட்டு வாம்மான்னு அனுப்பி வச்சேன்.

இதுல ஒரு கூத்து கேளுங்க. அதுக்கு அடுத்த வாரமோ என்னமோ, ஏதோ பேப்பரைக் குடுக்க எங்க வீட்டுக்கு வந்திருந்தா. எம்மக அபிராமி கோயம்புத்தூர்ல இருந்து வந்திருந்தா, பேரனைக் கூட்டிக்கிட்டு. ரெண்டு வயசு. அப்பப் பாத்து எதிர் வீட்டு மரகதம் மாமி உள்ள வந்து, அடேயப்பா, என்ன அங்கயற்கண்ணி, பேரன் கொழுக்கு மொழுக்குன்னு இருக்கான், நல்லா சாப்பிடுறானான்னு கேட்டுட்டாங்க. அவங்க கண்ணு ஒரு மாதிரிம்மா. அவங்க நல்லா இருக்குன்னு சொன்ன எங்க வீட்டுச் செம்பருத்தி பட்டுப் போச்சு. நான் உடனே சொன்னேன், எங்க சாப்பிடுறான் மாமி, ஒரு வாய் இறங்க மாட்டேங்குது, டாக்டர்கிட்டதான் காட்டணும்னு. அப்ப அவன் கையில ரெண்டாவது இட்லி. அதைப் புடுங்கி உள்ள கொண்டு போயி வச்சேன். மாமி போனதும் உப்பு மொளகாய் சுத்திப் போட்டேன்.

இந்த நாகஜோதி சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு என்னையே பாக்குறா. "மேடம், இந்தப் பிள்ளைக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிக்கட்டும்?"ங்கிறா.

அபிராமி களுக்குன்னு சிரிச்சுட்டா. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அது வேற, இது வேற. அது வீடு. எதிர் வீட்டு மாமிகிட்ட பேசுறது. ஆராய்ச்சிங்கிறது கேள்வி தயார் பண்ணி, முறைப்படி போயி உக்காந்து கேக்குறது. அந்த வித்தியாசம் தெரியாதவளுக்கு எதுக்குப் பிஎச்டி? நீங்களே சொல்லுங்க. நீங்க சிரிக்கிறீங்க. பிள்ளையைப் பாத்தா? சரி சரி.

ரிப்போர்ட் குடுத்தேன். உருண்டையைப் பிள்ளைங்க ஏத்துக்கல, ருசியை மாத்தாம தொடர்றதுல அர்த்தமில்லை, அதுவரைக்கும் நிறுத்தி வைக்கலாம்னு எழுதினேன். நிறுத்தி வைக்கலாம்னுதான் எழுதினேன், ஒழிச்சுக் கட்டுங்கன்னு எழுதல. ருசிக்கு ஒரு திட்டமும் சொல்லியிருந்தேன், ஏலக்காய் போடலாம், சுக்கு போடலாம்னு. தெய்வசிகாமணி சார் ரெண்டு தடவை படிச்சாரு. மேடம், எடை கூடியிருக்கேன்னு கேட்டாரு. கண்மாயைச் சொன்னேன். தலையை ஆட்டினாரு. பெரியவங்க நீங்க சொன்னா சரின்னாரு. ஆனி மாசத்தோட உருண்டை நின்னுச்சு. ஏலக்காய் போட்டு மறுபடி ஆரம்பிக்கிறது இன்னும் பேச்சுல இருக்கு. அதுக்கு ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. நான்தான் தலைவர்.

அவ என்ன பண்ணினா தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நேரா அந்த சார்கிட்ட போயிட்டா. மேடம் முடிவு தப்பு, பிள்ளைங்க பட்டினி கிடக்கும்னு சொல்லியிருக்கா. என் தலைக்கு மேல! நான் கையைப் பிடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்த பொண்ணு! அதோட கைடையும் மாத்திக்கிட்டா. ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நாக்கு மேடத்துக்கே நாக்கு வறண்டு போச்சுன்னு ஒருத்தன் சொன்னானாம். சொல்லட்டும். ரிட்டையர்டு ஆகிற வயசுல எனக்கு இது தேவையா? ராத்திரி படுத்தா தூக்கம் வர மாட்டேங்குதும்மா. உள்ளுக்குள்ள புழு மாதிரி அரிக்குது.

போன வாரம் தெய்வசிகாமணி சார் போன் பண்ணினாரு. மேடம், அந்தப் பொண்ணு சொன்னது என் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை நேர்ல போயிப் பாத்துட்டு வந்திருங்க. உருண்டை நின்னதால பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு நீங்க சொல்லிட்டா நான் நிம்மதியா இதை முடிச்சுக்குவேன், அந்தக் காசை வேற வேலைக்குத் திருப்பிருவேன். ஏதாவது ஆகியிருந்தா மறுநாளே உருண்டையை அனுப்பிருவேன், ஏலக்காயும் வேணாம் ஒண்ணும் வேணாம்னாரு. நாளைக்குக் காலையில மீட்டிங். அதான் இன்னிக்கு ஓடைக்கரைப்பட்டி போயிட்டு வர்றேன். தனியா. யார் துணையும் இல்லாம.

எடை மிஷின் கொண்டு போகல. அது நாகஜோதி பேர்ல எடுத்தது, அவ பீரோவுல இருக்கு. அவகிட்டப் போயி நான் சாவி கேக்கணுமா? அதெல்லாம் நடக்காது. அதுவுமில்லாம அதே கேள்வியை அதே ஜனங்ககிட்ட கேட்டாதானே அன்னிக்குச் சொன்னதையும் இன்னிக்குச் சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடியும். அதுதான் முறை.

மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. மூட்டம் போட முடியாதுல்ல, அதனால எல்லாரும் வீட்டுலதான் இருந்தாங்க. ஒரு வகையில நல்லதாப் போச்சு, ஒரே நேரத்துல அத்தனை பேரும் கிடைச்சாங்க. மரத்தடியில நிக்க முடியாதுன்னு ஒவ்வொரு குடிசையா போனேன். போன தடவை மாதிரி கூட்டமும் கும்மாளமும் இல்ல. அமைதியா இருந்துச்சு. அமைதியா இருந்தா பதில் தெளிவா வரும். ஒண்ணு மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா. போன தடவை ஓடி ஓடிக் காப்பி குடுத்த ஜனங்க, இந்தத் தடவை ஒருத்தர் கூட ஒரு வாய் காப்பித்தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்கல. என் மேல வருத்தம் போல. உருண்டையை நிறுத்தினது நான்தான்னு யாரோ சொல்லியிருப்பாங்க. யாரு சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாதா?

சரி, கேட்டேன். பிள்ளை நல்லா சாப்பிடுதா?

சொன்னா நம்ப மாட்டீங்க. முதல் வீடு, சாப்பிடுதும்மா. ரெண்டாவது வீடு, நல்லா சாப்பிடுதும்மா, குடுக்கிறதைச் சாப்பிட்டுக்குது. அடுத்த வீட்டுல, எதைப் போட்டாலும் திங்குதும்மா, மிச்சம் வைக்கிறதே கிடையாதுன்னாங்க. இன்னொருத்தி, நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள, சாப்பிடுது சாப்பிடுதுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. துப்புறான்னு ஒரு ஆள் சொல்லல. வாய் திறக்க மாட்டேங்குதுன்னு ஒரு ஆள் சொல்லல. ஊரே மாறிக் கிடக்கு!

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சும்மா. உருண்டை குடுத்தப்ப வேணாம்னு தள்ளின பிள்ளைங்க, உருண்டை நின்னதும் எல்லாத்தையும் சாப்பிடுதுங்க. இதைவிடத் தெளிவா ஒரு முடிவு எந்த ஆராய்ச்சியிலயாவது வருமா? பிடிக்காததைத் திணிச்சா பிள்ளைக்குப் பசியே செத்துப் போகும்னு நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்ல, அது நிரூபணமாயிருச்சு. இதை வச்சு ஒரு கட்டுரை எழுதலாம். நாகஜோதிக்கே ஒரு பிரதி அனுப்பலாம்னு கூட நெனச்சேன்.

கடைசியா பஞ்சவர்ணம் வீடு. வாசல்ல சாக்கைத் தொங்க விட்டிருந்தா. அந்தப் பையன் அவ மடியில உக்காந்திருந்தான். போன தடவை என்னா ஓட்டம் ஓடினான்! இப்ப அடக்க ஒடுக்கமா இருந்தான். வயசாகுதுல்ல, பக்குவம் வந்திருக்கும். கன்னத்துல மை இல்ல. நான் அவளைக் கேட்டேன்.

"சாப்பிடுறாம்மா. முன்ன மாதிரி இல்ல. அடமே பிடிக்கிறதில்ல"ன்னா.

சிரிக்கல. அந்த வாயாடிப் பஞ்சவர்ணம்தான், ஆனா மூஞ்சியை நிமித்தி என்னைப் பாக்கவே இல்ல. நான் மதியத்துக்குன்னு கமுதியில ஒரு பன்னு வாங்கி பையில வச்சிருந்தேன். சும்மா இருக்கட்டும்னு பையன்கிட்ட நீட்டினேன். அம்மாவைப் பாத்தான். அவ தலையாட்டுனதும் வாங்கினான். அவசரப்படல. பிச்சுப் பிச்சு, மெதுவா, முழுசும் சாப்பிட்டான். மடியில விழுந்த துணுக்கைக் கூட வெரலால ஒத்தி ஒத்தி எடுத்துச் சாப்பிட்டான். நல்ல பசி. நான் குறிச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு வேணுமா கண்ணுன்னு கேட்டேன். என்கிட்ட இன்னொண்ணு இல்ல, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவன் வேணாம்னு தலையை ஆட்டினான். மூணு வயசுப் பிள்ளைம்மா. இனிப்புப் பன்னு. வேணாங்கிறான்.

அப்பத்தான் பஞ்சவர்ணம் சொன்னா. "அவன் கேக்க மாட்டாம்மா. கேட்டுக் கேட்டுப் பாத்தான். இப்பக் கேக்கறதை விட்டுட்டான்."

நான் எழுந்து வந்துட்டேன். குடையை அங்கயே மறந்துட்டு வந்துட்டேன் பாருங்க, அதான் இப்படி நனைஞ்சு கிடக்குறேன்.

நாளைக்கு மீட்டிங்ல என்ன சொல்லணும்னு எனக்குத் தெளிவா இருக்கு. அத்தனை வீட்டுலயும் பிள்ளைங்க நல்லா சாப்பிடுது. அதைத்தான் சொல்லப் போறேன். தெய்வசிகாமணி சாரும் நிம்மதியா முடிச்சுக்குவாரு. ஆனா பஞ்சவர்ணம் கடைசியா சொன்னது இருக்குல்ல, அதை எங்க சேக்குறதுன்னுதான் தெரியல. பஸ் ஏறினதுல இருந்து எழுதி எழுதிப் பாக்குறேன், எந்த இடத்துலயும் பொருந்த மாட்டேங்குது. நான் கேட்டது பிள்ளை சாப்பிடுதான்னு. அவ சொன்னது அவன் கேக்கறதில்லைன்னு. நான் கேக்காத கேள்விக்கு வந்த பதிலும்மா அது. அதை ரிப்போர்ட்ல சேக்கக் கூடாது. அப்படிச் சேத்தா அது ஆராய்ச்சியே இல்ல. முப்பது வருஷமா நான் அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கேன்.

அதனால விட்டுட்டேன். விட்டது சரிதானேம்மா? பிள்ளையை ஏன் அந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கிறீங்க?